ஒரு கடுதாசிக்குப் போதுமான வேகம்

என் பழைய ஆபீஸில் இப்போது வேலை பார்க்கும் இளைஞர்கள் இருவர் போன ஞாயிற்றுக்கிழமை செம்பூருக்கு என்னைத் தேடிக்கொண்டு வந்தார்கள். இந்து மகாசமுத்திரத்தில் வல்லரசுகளின் போர்க்கப்பல்கள் மறுபடியும் சுற்ற ஆரம்பித்திருக்கின்றனவாம். அதைப் பற்றி ஆபீஸ் மலருக்கு நான் ஒரு கட்டுரை எழுத வேண்டுமாம். "வல்லரசுகளின் போட்டியும் நம் கடல்களின் பாதுகாப்பும்" என்று தலைப்பைக்கூட அவர்களே கொண்டு வந்திருந்தார்கள். "நீங்க யுத்தத்தை நேர்ல பாத்தவராச்சே சார்" என்றான் ஒருவன்.

பையன்களை ஏமாற்ற மனம் வரவில்லை. போரை நான் பார்த்தது ஒரு சாய்வு மேஜைக்குப் பின்னாலிருந்துதான். என் ஆயுதங்கள் ஒரு மெல்லிய முள் பேனா, ஒரு கவராயம், தண்ணீர் பட்டாலும் அழியாத கத்தரிப்பூ நிற மசி ஒரு புட்டி. இவற்றைக் கொண்டு நான் எந்த எதிரிக் கப்பலையும் மூழ்கடிக்கவில்லை. நம் கப்பல் ஒன்றை மூழ்கடிக்க இருந்தேன். அதை வேண்டுமானால் எழுதுகிறேன் என்றேன். அவர்கள் தலையாட்டினார்கள், ஆனால் தலைப்பை மட்டும் மாற்ற வேண்டாம் என்றார்கள். நான் மாற்றிவிட்டேன்.

பாலக்காட்டிலிருந்து பம்பாய்க்கு நான் ரயில்வே குமாஸ்தா ஆகும் எண்ணத்தோடு வந்தேன். டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட் இரண்டும் தெரியும். ரயில்வேக்காரர்களுக்கு நான் தேவைப்படவில்லை. மாட்டுங்காவில் மாடிவீட்டுக்காரர் ஒருவர், துறைமுகப் பக்கம் கடற்படையின் வரைபடக் கிடங்கில் எழுத்து நன்றாக உள்ள ஆள் வேண்டுமாம் என்றார். போனேன். ரத்னகிரிக் கடற்கரை வரைபடத்தில் ஒரு துண்டைப் பார்த்து எழுதச் சொன்னார்கள். எழுதினேன். சேர்த்துக்கொண்டார்கள். அதுவரை கடலை நான் இரண்டு தடவை பார்த்திருந்தேன், இரண்டும் தாதர் கரையில் நின்றுகொண்டு. நீச்சல் தெரியாது. தெரியுமா என்று யாரும் கேட்கவும் இல்லை.

வேலை இதுதான். கப்பல்காரர்கள் வைத்துக்கொள்ளும் கடல் வரைபடத்தில் ஆழம், பாறை, விளக்கு, மிதவை எல்லாம் குறித்திருக்கும். கடலில் ஏதாவது மாறினால் அறிவிப்பு வரும். அதைக் கிடங்கில் உள்ள ஒவ்வொரு பிரதியிலும் கையால் திருத்த வேண்டும். சமாதான காலத்தில் வாரத்துக்குப் பத்து மாற்றம் வந்தால் அதிகம் என்பார்கள். சிங்கப்பூர் விழுந்த பிறகு அறிவிப்புகள் கட்டுக்கட்டாக வந்தன. ஒருநாள் ஒரு விளக்கை அணைத்தார்கள். மறுநாள் மிதவையை இடம் மாற்றினார்கள். துறைமுக வாசல்களில் ஜப்பான்காரனுக்காக நம்மவர்களே கண்ணிவெடி மிதக்கவிட்டு, நடுவே நம் கப்பல்கள் போக ஒற்றையடிப் பாதை மாதிரி ஒரு தடம் விட்டார்கள். அந்தத் தடத்தையும் சில வாரங்களுக்கு ஒருமுறை நகர்த்தினார்கள். உலகத்தின் பெரிய ராஜ்யங்கள் கோபித்துக்கொண்டதில், கடைசியில் என் விரல்தான் கத்தரிப்பூ நிறமாயிற்று.

"ஆபீஸ்லே என்னன்னா பண்றேள்? கத்திரிக்கா நறுக்கறேளா?" என்று என் மனைவி கேட்பாள். ரகசியக் காப்புப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருந்ததால் பதில் சொல்லமாட்டேன். உண்மையில் அவள் கேட்டது ஒன்றும் அவ்வளவு ரகசியமானது இல்லை. பதில் சொல்லாமல் இருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

எங்கள் மேலதிகாரி மிஸ்திரி என்ற பார்சிக்காரர். மெலிந்த உடம்பு, கழுத்தில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி. யாரையும் திட்டமாட்டார், குரலை உயர்த்தமாட்டார். எல்லாரையும் "டிக்ரா" என்பார். குஜராத்தியில் மகனே என்று அர்த்தம். அவரைவிட வயதான பியூனும் அவருக்கு டிக்ராதான். தவறு செய்தவனைத் தன் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுத் தான் நிற்பார். நின்றுகொண்டிருக்கிறவன் பொய்யாகக் காரணம் சொல்வான், உட்கார்ந்தவன்தான் யோசிப்பான் என்பது அவர் கொள்கை. அந்த நாற்காலியில் மெத்தை போட்டிருந்தது. அதில் உட்கார்ந்து சுகப்பட்டவர் யாரும் கிடையாது.

திருத்துவதற்கு அவர் வைத்திருந்த முறை கோயில் பூஜை மாதிரி வரிசை தப்பாதது. முதலில் வரைபடத்தின் இடதுகைக் கீழ் மூலையைப் பார்க்க வேண்டும். கடைசியாகச் செய்த திருத்தத்தின் எண் அங்கே இருக்கும். நடுவில் ஒரு எண் விட்டுப்போயிருந்தால் அந்தத் தாளைத் தொடக்கூடாது. பிறகு திசையை அளந்து, கவராயத்தால் ஒரு சின்னப் புள்ளி குத்தி, மசியால் வரைந்து, மூலையில் புது எண்ணை எழுத வேண்டும். இன்னொருவன் அறிவிப்பை உரக்கப் படிக்க, எழுதியவன் விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். ஒற்றுத்தாள் போட்டு ஒற்றக்கூடாது, மசி தானாகக் காய வேண்டும். காயும் தாளின் மேல் ஈயக்குண்டு அடைத்த பையைத் தவிர வேறு எதையும் வைக்கக்கூடாது. கடைசியாக, மாலுமியிடம் கொடுக்கும் முன் தாளை விரித்து மூலை எண்ணை ஒருமுறை பார்க்க வேண்டும்.

இவை எல்லாம் எனக்கு மனப்பாடம். மற்றவர்களுக்கு நான்தான் சொல்லிக் கொடுப்பேன்.

அன்று நல்ல மழை. தெற்கே ஒரு துறைமுகத்தின் வாசலில் தடத்தை மேற்கே நகர்த்தியிருப்பதாகக் காலையில் அறிவிப்பு வந்தது. அந்த வரைபடத்தின் இரண்டு பிரதிகள் என் மேஜையில் இருந்தன. ஒன்றைத் திருத்தி, படித்துச் சரிபார்த்து, ஜன்னலோரப் பலகையில் காயப் போட்டேன். மழைக்காலத்தில் மசி லேசில் காயாது. ஈயப் பைகள் எல்லாம் வேறு தாள்களின் மேல் இருந்தன. ஒரு நிமிஷம்தானே என்று என் டிபன் டப்பாவைத் தூக்கி ஒரு ஓரத்தில் வைத்தேன். அடுக்கு டப்பா, கீழே தயிர்சாதம், மேலே மாவடு.

பதினொன்றரை மணிக்கு ஒரு கப்பலின் காப்டன் வந்தார். ஸ்காட்லாந்துக்காரர். அறுபது வயதிருக்கும், காதெல்லாம் நரைமுடி. பழைய சரக்குக் கப்பல், இரண்டு மணிக்கு மற்றக் கப்பல்களோடு சேர்ந்து தெற்கே புறப்படுகிறது. வரைபடக் கட்டு வேண்டும் என்றார். நான் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றாக அடுக்கி, டிக் போட்டேன். அந்தத் துறைமுகத்தின் தாள் வந்தபோது விரித்துப் பார்க்கவில்லை. காலையில் என் கையால் திருத்தியதை நானே பார்க்க வேண்டுமா? மேஜையில் இருந்த பிரதியைச் சுருட்டினேன், கட்டினேன், கொடுத்தேன். அவர் என் எழுத்து அழகாக இருக்கிறது என்று வேறு சொன்னார்.

பிறகு பசித்தது. டிபன் டப்பாவை எடுத்தேன். அடியில் திருத்திய தாள் இருந்தது.

ஒரு கணம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் டப்பாவை அப்படியே வைத்துவிட்டேன். நான் கொடுத்தனுப்பியது பழைய தடம் உள்ள தாள். அதை நம்பிப் போனால் கப்பல் நேரே கண்ணிவெடிகளின் நடுவில் போய் நிற்கும். அதுவும் எதிரியின் வெடி அல்ல, நம்முடையது. ஜப்பான்காரனும் வெள்ளைக்காரனும் அந்தக் கடலுக்காக அடித்துக்கொண்டிருக்க, அந்தக் கப்பலை மூழ்கடிக்க மூன்றாவதாக ஒரு பாலக்காட்டு வல்லரசு புறப்பட்டிருந்தது.

மாடிப்படிக்கு ஓடினேன். காப்டன் கீழே முற்றத்தில் குடையும் வரைபடச் சுருளுமாக வாசலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார். முப்பது அடி தூரம்கூட இல்லை. "சார்!" என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. பயணம் புறப்பட்டுப் போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக்கூடாது என்று எங்கள் வீட்டில் கண்டிப்பு. என் அப்பா குடையை மறந்துவிட்டுக் கிளம்பினால்கூட, அம்மா கொல்லைப்புறமாக ஓடி அடுத்த தெரு முனையில் அவருக்கு எதிரே போய் நின்று கொடுப்பாள். அப்படியிருக்க, நீர்மூழ்கிகள் அலையும் கடலுக்குப் போகிற ஒரு கிழவரை நான் எப்படிப் பின்னால் கூப்பிடுவேன்?

எதிரே போய் நிற்பது என்று முடிவு செய்தேன். பின்படியில் இறங்கி, கட்டடத்தைச் சுற்றி வாசலுக்கு வந்துவிடலாம். பின்வாசலில் மணல் மூட்டை அடுக்கிச் சிப்பாய் ஒருவரை நிறுத்தியிருந்தார்கள். தினமும் என்னைப் பார்க்கிறவர்தான்.

"பாஸ் கிதர் ஹை?" என்றார்.

பாஸ் கோட்டில் இருந்தது. கோட் நாற்காலியில் இருந்தது. எனக்குத் தெரிந்த இந்தி முழுவதையும் அவரிடம் செலவழித்தேன். அது நாலு வாக்கியம். "பாஸ் லாவ்" என்று மட்டும் சொன்னார். மேலே ஓடி, பாஸை எடுத்து, சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தபோது காப்டனின் படகு கரையை விட்டு வெகுதூரம் போயிருந்தது.

மிஸ்திரியிடம் போனேன். முகத்தைப் பார்த்ததுமே எழுந்து நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன். எந்தத் தாள், எந்தக் கப்பல், எத்தனை மணிக்கு என்று மூன்று கேள்விதான் கேட்டார். துறைமுகத்துக்குப் போன் போட்டார், லைன் கிடைக்கவில்லை. கொடி காட்டிச் சொல்லலாமே என்றேன். "தடம் எங்கே இருக்கிறது என்று ஊருக்கெல்லாம் கொடி கட்டிச் சொல்வதா, டிக்ரா?" என்றார். ஜன்னலோரத்துத் தாளை எடுத்து, டப்பா பட்ட வட்டத்தைப் பூதக்கண்ணாடியால் பார்த்தார். கோடு கலையவில்லை. ஆணியில் மாட்டியிருந்த தன் மழைக்கோட்டை எடுத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"கோட் உனக்கில்லை, வரைபடத்துக்கு" என்று சொல்லி, தாளை அதில் சுற்றிக் கொடுத்தார்.

எங்கள் ஆபீஸ் லாஞ்சை, அதாவது மோட்டார் படகை, ஓட்டியவர் சவரிமுத்து. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், தாராவியில் குடும்பம். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர், ஆனாலும் என்னைச் சாமி என்றுதான் கூப்பிடுவார். நான் மழையில் நனைந்துகொண்டு படித்துறையில் போய் நின்றதும் பீடியை எறிந்தார்.

"என்ன சாமி, இப்பிடி மூச்சு வாங்குதீய? கடலுக்கு வாரீயளா? நீங்களா?"

கப்பலின் பெயரைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

"அந்தக் கப்பலா? நம்ம தங்கச்சிக்குப் பேசிருக்க பையன் அதுலதான கரி அள்ளிப் போடுதான்! தையில கலியாணம். இன்னொருக்கப் பாத்துட்டு வந்துரலாம். ஏறுங்க, ஏறுங்க."

ஏறினேன். அடுப்பறை கப்பலின் அடியில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். வெடி பட்டால் முதலில் தண்ணீர் புகுவது அங்கேதான்.

"என்ன சாமி, கையில கடுதாசி?"

"ஒண்ணுமில்லே. சாதாரணக் கடுதாசிதான். கையெழுத்து வாங்கணும்" என்றேன்.

ரகசியக் காப்புப் பத்திரம் எனக்கு அவ்வளவு உதவியாக இருந்தது அன்றுதான். ரகசியத்தைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். காப்பாற்றியது என் மானத்தை. அவர் தங்கையைக் கட்டிக்கொள்ளப் போகிறவனை நான் எங்கே அனுப்பிவைத்தேன் என்று அந்த மனிதர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

"கொஞ்சம் வேகமாப் போலாமா?" என்று கேட்டேன்.

"இந்த அலைக்கு இம்புட்டுதான் சாமி போவும். பைய போவோம். கடுதாசி எங்க ஓடியா போயிரப் போவுது?"

ஒரு சரக்குத் தோணிக்கு வழிவிட்டு நின்றார். தெரிந்தவர் ஒருவருக்குக் கை காட்டினார். தை மாதக் கல்யாணத்துக்குத் தாராவியில் எந்தத் தெருவில் பந்தல் போடலாம் என்று என்னிடம் யோசனை கேட்டார். நான் நடுவில் இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். அவர் என் தலையைப் பிடித்துக்கொண்டார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நங்கூரச் சங்கிலி மேலே ஏறிக்கொண்டிருந்தது. பக்கவாட்டில் கயிற்றேணி ஒன்று தொங்கியது. மழைக்கோட்டுப் பொதியைப் பல்லால் கடித்துக்கொண்டு அதில் ஏறினேன். வீரம் என்று நினைக்கவேண்டாம். பாதியில் கண்ணை மூடிக்கொண்டு, இறங்கவும் முடியாமல் ஏறவும் முடியாமல் நின்றேன். மேலேயிருந்து யாரோ என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள்.

காப்டன் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பார்த்தார். பழைய தடத்தின் மேல் விரலை ஓட்டினார். பிறகு பழைய தாளைச் சுருட்டி என்னிடம் கொடுத்தார்.

"நான் மெதுவாகத்தானே நடந்தேன். ஒரு குரல் கொடுத்திருக்கலாமே?" என்றார்.

உண்மையைச் சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. தன் ஊரிலும் படகுக்குப் போகிற மீனவனை யாரும் பின்னால் கூப்பிடமாட்டார்கள், கூப்பிட்டால் அவன் அன்று கடலுக்கே போகமாட்டான் என்றார். "நீ கூப்பிட்டிருந்தாலும் நான் திரும்பியிருக்கமாட்டேன், பையா."

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் பல வருஷம் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆபீஸில் பிழைப் புத்தகம் என்று ஒன்று உண்டு. தவறு செய்தவனே தன் கையால் அதில் எழுத வேண்டும். காரணம் என்ற இடத்தில் டிபன் டப்பா என்றும், தாமதத்துக்குக் காரணம் என்ற இடத்தில், புறப்பட்டவரைப் பின்னாலிருந்து கூப்பிடத் தயங்கியதால் என்றும் எழுதினேன். மிஸ்திரி படித்தார், கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலை அறிவிப்புப் பலகையில் அவர் கையெழுத்தில் ஒரு தாள் தொங்கியது: "இந்த ஆபீஸில் யாரையும் எந்தத் திசையிலிருந்தும் கூப்பிட அனுமதி உண்டு."

கப்பல் பத்திரமாகப் போய்ப் பத்திரமாகத் திரும்பியது. தையில் கல்யாணம் நடந்தது. நான் தலைவலி என்று சொல்லிப் போகாமல் இருந்துவிட்டேன்.

போர் முடிந்தது. வெள்ளைக்காரர்களும் போனார்கள். ராஜாங்கமே மூட்டை கட்டிக்கொண்டு போன பிறகும் அதன் ரகசியம் ஒன்று மாட்டுங்காவில் என்னிடம் தங்கியிருந்தது. ஒருநாள் காலை சவரிமுத்து எங்கள் வீட்டுக்கு வந்தார். தங்கைக்கு ஆண் குழந்தை, தாராவியில் ஞானஸ்நான விருந்து, கட்டாயம் வர வேண்டும் என்றார். வாசலிலேயே நின்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அவர் போன்றவர்களை உள்ளே வரச்சொல்லும் வழக்கம் எங்கள் கட்டடத்தில் இல்லை, எனக்கும் தோன்றவில்லை. அதை எழுத இப்போது வெட்கமாக இருக்கிறது.

அவர் முதுகு இரண்டு படி இறங்கியது, மூன்று படி இறங்கியது. பிறக்காமலே போயிருக்கக்கூடிய ஒரு குழந்தையின் விருந்துக்கு அல்லவா என்னைக் கூப்பிட்டுவிட்டுப் போகிறார் என்று நினைத்தேன்.

"சவரிமுத்து!" என்று கத்தினேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். "பின்னால கூப்பிட்டுட்டீயளே சாமி! இனி உக்காந்து தண்ணி குடிச்சிட்டுல்லா போவணும்."

கூடத்தில் உட்கார வைத்தேன். என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். டிபன் டப்பா, முற்றம், பாஸ், பழைய தடம், சாதாரணக் கடுதாசி. அவர் தம்ளரைக் கையில் பிடித்தபடியே கேட்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லிருந்தீயன்னா, நான் லாஞ்ச இன்னும் வெரசலா விட்டிருப்பேனே சாமி" என்றார்.

"அந்த அலைக்கு அவ்வளவுதான் போகும்னு சொன்னீரே?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அது சும்மா சொன்னது. ஒரு கடுதாசிக்கு அந்த வேகம் போதும்னு நெனச்சேன்."